கெசியாவின் சுத்தியல்பிடி

லேயா எட்டு மாதக் கர்ப்பமாயிருந்த குளிர்காலத்தில் அவள் உலையில் அடித்துப்போடும் சங்கிலிக் குவியல் மட்டும் குறையவேயில்லை. வயிறு முட்டியதால் பட்டறைக்கல்லை ஒட்டி நிற்க முடியவில்லை. பாதி நாள் உட்கார்ந்தே கழிந்தது. ஆனாலும் சாயங்காலம் பார்த்தால் ஒரு முழம் கூடுதலாகக் கிடக்கும். கண்ணிகளைத் திருப்பிப் பார்த்தபிறகுதான் புரிந்தது. இடப்பக்கம் சற்றே சாய்ந்து விழும் அந்த அடி, அடுத்த உலையில் நிற்கும் கெசியா ட்ரோமன்ஸின் அடி.

கேட்டபோது, "எலி கொண்டாந்து போட்டிருக்கும்" என்றாள் கெசியா, முகத்தைத் திருப்பாமல்.

கிராட்லி ஹீத் என்ற அந்த ஊரில் பெண்கள் கொல்லை உலைகளில் சங்கிலி அடித்துத்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள். கெசியா பத்து வயதில் சுத்தியல் பிடித்தவள். ஐம்பத்து மூன்றிலும் விடவில்லை. புருஷன் இறந்து வெகுகாலம். ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டில் கண்ணை மூடினால் அப்படியே தூங்கிவிடுவாள். "கர்த்தர் அதையும் ஜெபமா எடுத்துக்கட்டும்" என்பாள்.

அந்த வருஷம் அவள் வலது மணிக்கட்டு வீங்கத் தொடங்கியது. கை நின்றுபோனால் உலையை அணைத்துவிட்டு டார்பியில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயாக வேண்டும். மருமகளின் அடுப்படி மூலையில் கிடப்பதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்காது.

அப்போதுதான் பார்க்ஸ் வாத்தியார் வந்தார். எங்கோ அகராதி எழுதுகிறவர்களுக்காகச் சீட்டுச் சீட்டாக வார்த்தைகளை எழுதி அனுப்புகிற மனிதர்.

"சுத்தியல்னா என்ன அர்த்தம் சொல்லுவீங்க, ட்ரோமன்ஸம்மா?"

"இதோ இதுதான். தூக்கிப் பாருங்க, அர்த்தம் தெரியும்."

லேயா சிரித்துவிட்டாள்.

"பேச்சுல எப்படியெல்லாம் வரும்னு கேக்கறேன்."

கெசியா அடியை நிறுத்தாமலே சொன்னாள். "புருஷன் பொண்டாட்டி மல்லுக்கு நின்னா, சுத்தியலும் குறடுமா நிக்கறாங்கம்போம். வீடு ஏலம் போனா, சுத்தியலுக்கு அடியில போச்சும்போம். அசையாம கிடக்கிற பொணம் சுத்தியல் மாதிரி செத்துக் கிடக்கும். வேலை குறையில்லாம இருந்தா, சுத்தியலுக்கு நிக்குதும்போம்."

"இன்னும் இருக்கா?"

"நெனப்பு வந்தா சொல்றேன். இரும்பு ஆறுது, தள்ளிக்குங்க வாத்தியாரய்யா."

கெசியாவின் சுத்தியல்பிடியில் ஒரு கீறல் விழுந்திருந்தது. என்றைக்காவது முறிந்து அவள் முகத்தில் அடிக்கும் என்று லேயாவுக்குப் பயம். பிறத்தியார் சுத்தியலைத் தொடுவது அங்கே வழக்கமில்லை. ஆனாலும் அந்த எலி செய்த உபகாரத்துக்குப் பதில் செய்ய வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளை பெற்று எழுந்தபின் ஒரு சனிக்கிழமை, கெசியா போனபிறகு புதுப் பிடி போட்டு ஆப்பு அடித்தாள். பழையதை உலையில் போட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை காலை கெசியா சுத்தியலைக் கையில் எடுத்துப் பெருவிரலால் பிடியைத் தடவிப் பார்த்தாள். பழைய பிடியில் அவள் பெருவிரல் பதிய இருபது வருஷத்துக் குழி இருந்தது. நோகிற கை அந்தக் குழியில் சாய்ந்துதான் இத்தனை நாள் ஓடியிருக்கிறது. லேயாவுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

"பழசு எங்கடி?"

"எரிச்சுட்டேன் அக்கா."

கெசியா உலையைப் பார்த்தாள். "புதுசும் நல்லாத்தான் போட்டிருக்கே" என்றாள்.

பருத்த புதுப் பிடியை இறுக்கிப் பிடித்தே அடித்தாள். மூன்றாம் நாள் மணிக்கட்டு ரொட்டி போல உப்பியது. துணி சுற்றிக்கொண்டு அடித்தாள். மாதம் முடியும்போது விரல்கள் மடங்கவில்லை. மகனுக்குக் கடிதம் போயிற்று.

ரயிலடிக்கு மூட்டையைச் சுமந்துகொண்டு லேயாதான் கூடப் போனாள். வண்டி வரும்வரை அடக்கியிருந்ததை அங்கே கொட்டிவிட்டாள். "உன் கையை நான்தான் அக்கா கெடுத்தேன்."

"அதைப் போய்ச் சுமக்காதடி" என்றாள் கெசியா, படியில் மெல்ல ஏறிக்கொண்டே. "இந்தக் கை பத்து வயசுலேருந்து கெட்டுப் போய்க்கிட்டேதான் இருந்துது. அந்த வாத்தியாருகிட்ட ஒண்ணு சொல்லு. ஒரு அர்த்தம் விட்டுப்போச்சு. சுத்தியல்னா அலுப்புன்னு ஒரு சீட்டுல எழுதிக்கட்டும். சாட்சிக்கு என் பேரைப் போட்டுக்கச் சொல்லு."