பெட்டியை அணைத்துவிட்டு எடுத்த அளவு

காலரை முதலில் தேய்க்க வேண்டும். அதுவும் உள்பக்கத்தை, நுனியிலிருந்து நடுவுக்கு. மாற்றி இழுத்தால் நுனியில் சுருக்கம் சேர்ந்து நிற்கும். அவள் கைகள் இதையெல்லாம் யோசிக்காமலே செய்தன. இடது கை தண்ணீர் தெளித்தது, வலது கை இஸ்திரிப் பெட்டியைத் தள்ளியது. முடிந்த சட்டைக்குப் பொத்தான் போட்டு, மடித்து, அடுக்கில் வைத்தாள். எல்லாம் பெரிய தெரு அலுவலகக்காரர்களின் சட்டைகள். ஏசி அறையில் உட்காருகிறவர்களுக்கு முழுக்கைச் சட்டை தேவைப்படுகிறது.

அறை மூன்றாம் மாடிக்கும் மேலே, மொட்டை மாடியில். நான்கு சுவர், மேலே தகரம். பாதி இடத்தில் அவள் மேசை, மீதியில் கணவனின் கட்டில். அவர் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய் மூன்று வருஷம் ஆகிறது. தெருவில் இன்னும் கொத்தனார் என்றுதான் கூப்பிடுகிறார்கள்; நானும் அப்படியே சொல்கிறேன். வாரத்துக்கு இரண்டு முறை போய் அவர் முதுகைப் பார்ப்பதும் குழாய் வழியே சிறுநீர் சேரும் பையை மாற்றுவதும் என் வேலை. முதுகில் ஒரு புண் கிடையாது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறாள். பெரிய மருத்துவமனைகளில் இவ்வளவு ஒழுங்காகச் செய்து நான் பார்த்ததில்லை.

ஆனால் அன்று பையில் இருந்தது பால் விடாத டீயின் நிறத்தில் இருந்தது. அளவும் கொஞ்சம்தான்.

"நேத்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் நல்லாத்தான் குடிச்சேன் நர்ஸம்மா."

"பொய் சொல்றாருங்க" என்றாள் அவள், கையை நிறுத்தாமல். "ரெண்டு டம்ளருக்கு மேல வாயே திறக்கலை. பை நிறைஞ்சா நான் வேலைய விட்டுட்டு வரணுமாம்."

"இவ ஒரு சட்டையைத் தீய்ச்சுட்டா அப்புறம் என்னைத்தான் அடகு வைக்கணும். என்னை எவன் வாங்குவான்?"

இந்த வெயிலில் இப்படியே போனால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று இருவரிடமும் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவர் குடிக்க வேண்டும். அறையின் சூடும் இறங்க வேண்டும். குடிப்பது அவர் கையில். சூடு யார் கையிலும் இல்லை. கீழே வேறு வீடு பார்த்தாகிவிட்டது. நாள் முழுக்க இஸ்திரி ஓடும் குடும்பத்துக்கு யாரும் வீடு தருவதில்லை. கிடைத்தாலும் அவரை இறக்க வேண்டும். படிக்கட்டு வளைவில் ஒரு நாற்காலியைக்கூடத் திருப்ப முடியாது. கூட வேலை செய்த நாலு கொத்தனார்கள் அன்று தோளில் போட்டு ஏற்றினார்கள். அவர்கள் வேலை தேடி ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டார்கள். மேசையை வெளியே போடலாமென்றால் மொட்டை வெயில். அவரைத் தனியாகவும் விட முடியாது. ஆகவே இருவரும் அந்தத் தகரத்தின் கீழேயே இருந்தார்கள்.

ஒரே ஒரு வழி அந்த மாதம் வந்திருந்தது. தெருப் பள்ளியின் அறிவியல் டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்கு வகுப்பு எடுத்தார். உலகம் ஏன் சூடாகிறது, அதைச் சூடாக்கியவர் யார், அந்தச் சூட்டில் கிடப்பவர் யார் என்று. "வெயில் எல்லாருக்கும் ஒண்ணுதான், கூரை ஒண்ணு இல்ல" என்பார். முப்பது வீடுகளுக்கு ஆளுக்கொரு வெப்பமானி கொடுத்து, ஒரு வாரம் காலை ஏழு, பகல் இரண்டு, இரவு ஒன்பது மணிக்கு அளவு எழுதச் சொன்னார். மிகவும் சூடான பத்து வீடுகளின் கூரைக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு. பத்து டின்தான் கிடைத்திருந்தது. பூசினால் நாலு டிகிரி குறையும் என்றார்.

அவள் ஒரு நேரமும் தவறாமல் எழுதினாள். மூன்று நாளுக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் தெருவின் படம் ஒட்டினார்கள். சூடான வீட்டுக்குச் சிவப்புப் புள்ளி, நடுத்தரத்துக்கு மஞ்சள், தேவலாம் என்றால் பச்சை. கொத்தனார் வீட்டுக்குப் பச்சை. முப்பதில் இருபத்திரண்டாவது இடம்.

இதை அவள் சொன்னதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த அறையில் நான் பத்து நிமிஷம் இருந்தால் சேலை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

"அதை எங்கே மாட்டியிருந்தே?"

"இங்கேதான், இந்த ஆணில."

"எப்படிப் பார்த்தே?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒன்றரை மணிக்குப் பெட்டியை அணைத்துவிடுவாளாம். கதவைத் திறந்து, தரையில் தண்ணீர் தெளித்துத் துடைத்து, சூடு அடங்கும்வரை அரைமணி நேரம் காத்திருந்து, பிறகு பார்ப்பாளாம்.

"ஏன்?"

"பின்னே? டீச்சர் கேட்டது வெயிலோட சூட்டை. பெட்டியோட சூடு என்னோடதுதானே. அதையும் சேர்த்து எழுதினா மத்தவங்களை ஏமாத்தின மாதிரி இல்லையா?"

கொத்தனார் மோட்டுத் தகரத்தைப் பார்த்துச் சிரித்தார். "பார்த்தீங்களா நர்ஸம்மா? நான் இங்கே வேகறேன், இவ பச்சைப் புள்ளி வாங்கிட்டு வந்திருக்கா. பாஸாயிட்டாளாம்."

"நீங்க சும்மா இருங்க."

"சும்மாதானே இருக்கேன் மூணு வருஷமா."

நான் டீச்சருக்குப் போன் செய்தேன். மாலையில் மூச்சு வாங்க ஏறி வந்தார். கேட்டு முடித்ததும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்பவும் போல வேலை செஞ்சுக்கிட்டே பாருங்கன்னு நான் சொல்லியிருக்கணும். என் தப்புக்கா. உங்க வேலையும் இந்தக் கூரைக்குக் கீழேதானே நடக்குது, அது எப்படிக் கணக்குல வராம போகும்?"

"அப்போ புள்ளியை மாத்திடலாமா?" என்று கேட்டேன்.

மாற்றலாம். ஆனால் ஒன்பது கூரை பூசியாகிவிட்டது. மிச்சம் ஒரு டின். அது பத்தாவது வீட்டுக்கு, கீழே மூலையில் இருக்கும் ஆட்டோக்காரர் வீட்டுக்கு. அதுவும் தகரம், உள்ளே மூன்று சின்னப் பிள்ளைகள். நாளை மதியம் பூசுவதாகச் சொல்லியிருந்தது. அடுத்த டின்கள் எப்போது வரும் என்று டீச்சருக்கே தெரியாது.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ரெண்டு வீட்டிலயும் நானே அளந்து பார்க்கறேன்" என்றார் டீச்சர். "எது அதிகமோ அதுக்குத்தான் டின். சரியா?"

அவள் ஒரு சட்டையை எடுத்தாள். ஏற்கெனவே தேய்த்த சட்டை. அதையே மறுபடி தேய்த்தாள்.

"வேணாம் டீச்சர். குடுத்ததைப் பிடுங்கினா நல்லா இருக்காது. அவங்களும் பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு கஷ்டப்படறாங்க."

"பெரிய தர்மகர்த்தா" என்றார் கொத்தனார். வழக்கமான சிரிப்பு இல்லை. "ஏம்மா, நான் ஒண்ணு கேட்கறேன். ராத்திரி எனக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது. உன்னை எழுப்பக் கூடாதுன்னு அப்படியே கிடக்கறேன். இதை எந்தப் புள்ளில எழுதுவே?"

 அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"பத்து மணிக்கு வாங்க டீச்சர்" என்றாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் ஆட்டோக்காரர் வீட்டுக்குப் போனாள். பிறகு என்னிடம் அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். டீச்சர் வந்து சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும் என்று போயிருக்கிறாள். ஆட்டோக்காரரின் மனைவி வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நான் தப்பா எழுதிட்டேன். அதனாலதான் உனக்கு வந்திருக்கு. இன்னைக்கு மறுபடி அளக்கறாங்க."

"அதுக்கு என்னை என்ன பண்ணச் சொல்றீங்க? மூணு நாளா பிள்ளைங்ககிட்ட நம்ம வீடு வெள்ளையாகப் போகுதுன்னு சொல்லிவெச்சிருக்கேன்."

"நீ தெரிஞ்சுக்கணும்னுதான் சொன்னேன்."

"நீங்க பெட்டியை ஓட்டுவீங்க. அப்போ நானும் அடுப்பைப் பத்தவெச்சுட்டு உட்காரட்டுமா?"

"வை. பத்து மணி நீ சமைக்கிற நேரம்தானே? வைக்கத்தான் வேணும்."

அந்தப் பெண் இதை எதிர்பார்க்கவில்லை. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு மூட்டை. "பிள்ளைங்களோட பள்ளிக்கூடத் துணி. இஸ்திரி போடணும்னு எடுத்து வெச்சிருந்தேன். போட்டுக் குடுங்க" என்றாள். முகத்தைப் பார்க்கவில்லை.

பத்து மணிக்கு நானும் போயிருந்தேன். அவள் கதவை எப்போதும்போல் பாதி சாத்தி, விசிறியைக் கணவன் பக்கம் திருப்பி, பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் முதலில் கீழே அளந்துவிட்டு வந்தார். அடுப்பு எரிய, முப்பத்தொன்பது. இங்கே வெப்பமானியை ஆணியில் மாட்டிக் கால் மணி நேரம் காத்திருந்தோம்.  கொத்தனார் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார்.

நாற்பத்தொன்று.

டீச்சர் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவளையும் போடச் சொன்னார். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போட்டாள். நாலு குறைந்தால் முப்பத்தேழு என்று நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். முப்பத்தேழும் சூடுதான். ஆனாலும் பை நிறம் மாறும்.

டீச்சர் இறங்கியதும் அவள் அந்த மூட்டையைப் பிரித்தாள். மூன்று சின்னச் சட்டை, இரண்டு கால்சட்டை, ஒரு பாவாடை. பாவாடையின் மடிப்பு ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திவிட்டுத் தேய்த்தாள். அலுவலகச் சட்டைகளைத் தள்ளி வைத்துவிட்டு இதையே முதலில் முடித்தாள். என்னைக் கொத்தனார் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டுக் கீழே கொண்டுபோனாள்.

கதவு சாத்தியிருந்ததாம். கூப்பிட்டதற்கு, வாசல்லயே வெச்சுட்டுப் போங்க என்று உள்ளேயிருந்து குரல் வந்ததாம். மண் படாமல் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு வந்தாள். எதிரே பூச்சு வேலைக்காரர்கள் இருவர் டின்னையும் ஏணியையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். படிக்கட்டு வளைவில் ஏணி திரும்பவில்லை. வெளியே கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். அவள் கைப்பிடிச் சுவரருகே நின்று கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டாள்.