கிளை என்று எழுதிய தாள்

வாயில் ரொட்டி இருக்கும்போதே வீப்கேயின் கை தெளிப்பானை அழுத்திக்கொண்டிருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மரத்துக்குத் தண்ணீர், பிறகுதான் மிச்ச ரொட்டி. மூன்று லட்சம் ஆண்டுகள் ஈரச் சேற்றில் கிடந்த மரம், அரை நாள் வெயில் பட்டால் வெடித்துவிடும்.

ஹார்ஸ் மலைக்கு வடக்கே, பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் விளிம்பில் அகழாய்வு வேலை அவருக்கு. வயது ஐம்பத்தெட்டு. அதற்குமுன் இருபது ஆண்டுகள் மர ஆலையில் தரம் பிரித்தவர். உணவகத்தில் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். "ஓக் மரம்னு சொல்லி உங்க முதலாளி தலையில எவனோ மிளகாய் அரைச்சிருக்கான்" என்று பரிமாறுகிறவரிடம் முகத்துக்கு நேரே சொல்வார். கணவர் அவரோடு வெளியே சாப்பிடப் போவதை எப்போதோ நிறுத்திவிட்டார்.

சென்ற அக்டோபரில், குதிரை எலும்புகளுக்கு நடுவே ஆள் உயரத்தை மிஞ்சும் ஒரு கழியை வீப்கே கண்டெடுத்தார். தலைநகரிலிருந்து பேராசிரியர் ராத்யன் வந்தார். குழிக்கு மேல் போட்ட பலகையில் நின்றார், மேலங்கிப் பையிலிருந்து கையை எடுக்காமல் ஐந்து நிமிடம் பார்த்தார். 'இயற்கையாக விழுந்த கிளை' என்று தாளில் எழுதினார். கண்டெடுத்தவரும் கையெழுத்துப் போட்டுவிட்டால், மதியமே அந்த இடத்தை நிலக்கரி தோண்டும் இயந்திரம் வாரிக்கொண்டு போய்விடும்.

"கிளையா? முழு மரங்க இது! இளம் ஸ்ப்ரூஸ் மரத்தை எவனோ வெட்டி, பட்டை உரிச்சு, கணுவெல்லாம் வழிச்சிருக்கான். கெட்டியான அடிமரத்துல முனை வச்சிருக்கான். அதுலயும் நடுவுல இருக்கற மெதுவான பாகத்தை விட்டுட்டு, ஓரமாக் கூராக்கியிருக்கான். எந்தக் காத்துக்குங்க இவ்வளவு அறிவு?"

"அம்மா, அந்தக் காலத்து ஆளுங்க செத்ததைப் பொறுக்கித் தின்னவங்க. ஈட்டி செய்யற மூளையெல்லாம் கிடையாது."

"பலகையை விட்டு இறங்காமலே அவன் மூளையை அளந்துட்டீங்களா?"

சுரங்க மேற்பார்வையாளர் ஓட்மார் பேனாவை நீட்டினார். "போட்டுடு வீப்கே. மெஷின் காத்துக்கிட்டிருக்கு."

வீப்கேயின் முகம் கழுத்து வரை சிவந்தது. பேனாவை வாங்கவில்லை. தெளிப்பானை ஓட்மார் கையில் திணித்தார். குழிக்குள் இறங்கி, அந்தக் கழிக்குப் பக்கத்தில் சேற்றில் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பாதத்துக்கு அப்பாலும் இரண்டு சாண் நீண்டிருந்தது கழி.

"எழுதிக்குங்க. ரெண்டு கிளை. ரெண்டையும் சேர்த்தே வாரச் சொல்லுங்க!"

ஓட்மார் கையை உயர்த்தினார், மேலே இயந்திரம் அடங்கியது. சற்று நேரம் கழித்து, பளபளத்த காலணியோடு பேராசிரியர் சேற்றில் இறங்கினார். பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்தார். கழியின் முனையருகே மண்டியிட இடம் தேடினார்.

வீப்கே கண்ணைத் திறக்காமலே, பேராசிரியரின் முழங்காலுக்கு இடம் விட்டு ஒரு சாண் நகர்ந்து படுத்தார்.