மாவு தின்ற தொட்டி

இந்த வயதிலும் வீட்டில் குக்கர் கொஞ்சம் அதிகமாகச் சீறினால் என் கால் தானாகச் செருப்பைத் தேடும். இதைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே மனைவி பருப்பு வேகவைக்கிறாள் என்று எனக்கொரு சந்தேகம் உண்டு. தாராவியில் எங்கள் சந்தில் வைத்த ஒரு தொட்டி எனக்குக் கொடுத்த வீரம் இது.

அப்பாவுக்கு இட்லித் தொழில். விடிவதற்குள் அவர் அவித்துக் கொடுப்பதை ஆட்கள் தலைச்சுமையாக மாதுங்கா, செம்பூர் என்று கொண்டுபோய் விற்பார்கள். விறகுப் புகையில் அம்மா இருமாத நாளில்லை. அப்போதுதான் சித்தப்பா எங்கிருந்தோ மூன்று கூட்டத்தாரை அழைத்துவந்தார். வரைபடம் போட ஒரு கல்லூரி, தொட்டி செய்துதர ஒரு கம்பெனி, நடத்திவைக்க ஒரு டிரஸ்ட். புளித்த மாவு, மீந்த சோறு, காய்கறித் தோல் என்று வீணாவதையெல்லாம் உள்ளே கொட்டினால் அதுவே கேஸாகி அடுப்பெரிக்குமாம். புகையே கிடையாதாம்.

திறப்பு விழாவில் சித்தப்பா திருஷ்டிக்குப் பூசணிக்காய் உடைத்தார். போட்டோக்காரர் இன்னொன்று உடைக்கச் சொன்னார். இன்னொரு பூசணிக்காய்க்கு எங்கே போவது? உற்சாகத்தில் சித்தப்பா எங்கள் மண் அடுப்பைத் தூக்கிப் போட்டு உடைத்துவிட்டார்.

"டென்ஷன் லேனே கா நஹி, கவலப்படாதிய அண்ணே! இனிமே அது எதுக்கு?"

கைதட்டலில் சந்தே நிறைந்தது. அடுப்பு இருந்த இடத்தில் தொட்டி உட்கார்ந்தது.

உள்ளே கேஸ் இருக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து நான் செருப்போடுதான் தூங்கினேன். தொட்டி வெடித்தால் புத்தகப் பையை மறக்காமல் விட்டுவிட்டு ஓடுவது என்பது வரை திட்டம் தயாராக இருந்தது.

படித்தவர்கள் போட்ட கணக்கில் ஒரே ஒரு குறை. எங்கள் சந்தில் எதுவுமே வீணாவதில்லை. புளித்த மாவு பணியாரமாகிவிடும். பழைய சோற்றைக் காலையில் கரைத்துக் குடித்துவிடுவோம். காய்கறித் தோலுக்கு அடுத்த சந்து ஆடுகள் வாசலிலேயே காத்து நிற்கும். தொட்டி பட்டினி கிடந்தது. ஆரம்பத்தில் போட்ட சாணத்தின் தயவில் கொஞ்ச நாள் எரிந்த அடுப்பு, பிறகு மினுங்கி அணைந்தது.

அப்பா பக்கத்து வீட்டு அடுப்பில் கிடைத்த நேரத்துக்கு அவித்தார். இட்லி பிந்தியது. விற்கிற ஆட்கள் ஒவ்வொருவராக வேறு சந்துக்குப் போனார்கள். மார்க்கெட் கழிவையாவது வண்டியில் அனுப்புங்கள் என்று அப்பா அலைந்தார். தீனி போடுவது டிரஸ்டின் பொறுப்பு என்றது கல்லூரி. வரைபடத்தில்தான் கோளாறு என்றது டிரஸ்ட். தொட்டியில் ஓட்டை விழுந்தால் மட்டும் வரச் சொன்னது கம்பெனி. மூன்று பேரும் கைகோத்திருந்தார்கள் என்பது திறப்பு விழா பேனரைப் பார்த்தால்தான் தெரியும்.

ஒருநாள் சித்தப்பா ஓடிவந்தார். பெரிய விருந்தாளிகளோடு மூன்று தரப்பும் நாளைக்கே வருகிறார்களாம். தீ எரிவதைக் காட்டிவிட்டால் கழிவு வண்டியை அங்கேயே கேட்டு வாங்கிவிடலாமாம். அப்பா வீட்டில் மிச்சமிருந்த அத்தனை மாவையும் தூக்கித் தொட்டிக்குள் ஊற்றினார்.

"பெத்த பிள்ளைக்கு வைக்காத மாவ அதுக்கு ஊத்துதியளே!" என்றாள் அம்மா.

"ஒருநா எரியட்டும்ட்டி. கண்ணால பாத்தாங்கன்னா வண்டி வரும்லா."

எரிந்தது. நீலமாக, அழகாக எரிந்தது. நான் சந்து முனையில், ஓடுவதற்குத் தோதாக ஒரு காலை முன்வைத்து நின்று பார்த்தேன். விருந்தாளிகள் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அப்பா கழிவு வண்டியைப் பற்றிச் சொல்ல, சித்தப்பா அதை இந்தியில் எடுத்துச் சொன்னார். அவர்கள் சிரித்துக்கொண்டே கிளம்பினார்கள்.

"இவ்வளவு நல்லா எரியுதுல்லா, பெறவு வண்டி எதுக்குன்னு கேக்காங்க அண்ணே" என்றார் சித்தப்பா. "இங்க இனிமே அவங்க வரவே வேண்டாமாம். அடுத்த தொட்டிய தேவ்நார்ல வைக்காங்களாம்!"

அம்மா காலி மாவுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அப்பா வால்வை மூடிவிட்டுத் தொட்டியின் மேல் நெற்றியைச் சாய்த்து அப்படியே நின்றார். உள்ளே ஏதோ பொங்குகிறது, அதைத்தான் உற்றுக் கேட்கிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

"எப்பா, வெடிக்கப் போவுது! ஓடியாங்க!"

சந்தே சிரித்தது. அப்பா மட்டும் திரும்பவில்லை. நான் பெரிய ரோடு வரை ஓடி, மூச்சு வாங்கி, ஒரு சத்தமும் கேட்காததால் மெதுவாகத் திரும்பி வந்து எட்டிப் பார்த்தேன். தொட்டி முழுசாக இருந்தது. அப்பா அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.