லோய்ஸ் நவ்ராட்டில் அண்ணனுக்கு ஊர் காட்டிய நான்கு நாள்

லோய்ஸ் நவ்ராட்டில் என்கிற என் டெப்போ நண்பன் காலமாகிப் பதிமூன்று வருடம் ஆகிறது. அவன் அண்ணன் குஸ்டி அதற்கு முன்பே போய்விட்டான். போன மார்ச்சில் அண்ணன் மனைவி நோரீனும் தவறிவிட்டதாக மெல்போர்னிலிருந்து கடிதம் வந்தது. இனி இது யாரையும் சுடாது. அதனால் எழுதுகிறேன்.

லோய்ஸ் முப்பத்தொரு வருடம் வியன்னாவில் டிராம் ஓட்டினான். என்னைவிட இருபத்தெட்டு வயது மூத்தவன். எங்கள் டெப்போவில் வயது பார்த்து மரியாதை போட்டுக் கூப்பிடும் வழக்கம் இல்லை. அவன் இவன் என்றே எழுதுகிறேன், படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவன் ஓட்டியது எழுபத்தொன்றாம் நம்பர் வண்டி. நகரத்தின் நடுவில் கிளம்பி, பெரிய கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வண்டி. அதனால் இங்கே யாராவது போய்ச் சேர்ந்தால் ‘செத்துட்டார்’ என்று சொல்ல மாட்டோம். ‘எழுபத்தொன்னு ஏறிட்டார்’ என்போம். பால்காரியும் அப்படித்தான் சொல்வாள், பாதிரியாரும் அப்படித்தான் சொல்வார். அந்த வண்டியையே ஓட்டுகிறவன் வேறு எப்படிச் சொல்வான்?

கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. நகராட்சிக் குடியிருப்பில் இரண்டு அறை, அதில் அவனும் அம்மா ஹெர்மினேயும். ஒன்பது மணிக்கு வா என்றால் அவனுக்குப் பிடிக்காது. ஒன்பது நாலுக்கு வா என்று சொல்ல வேண்டும். குஸ்டி, முழுப் பெயர் குஸ்தாவ், கொத்தனார். இருபத்து மூன்று வயதில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறி, அங்கேயே நோரீனைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டான். நடுவில் ஒரே ஒரு தடவை, தனியாக வந்து போனான். நோரீனை லோய்ஸ் பார்த்ததே இல்லை.

தொண்ணூற்றொன்றில் அம்மா இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். கட்டிலுக்கும் சமையலறைக்கும் நடப்பதே பெரும்பாடு. நவம்பரில் ஒரு காலை எழுந்திருக்கவில்லை. மறுநாள் லோய்ஸ் தபால் ஆபீஸிலிருந்து மெல்போர்னுக்குப் போன் போட்டான். நான் கூடப் போயிருந்தேன், போன் கூண்டின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குஸ்டி வேலைக்குப் போயிருந்தான். எடுத்தவள் நோரீன். எங்கள் ஜெர்மன் பாஷையை மாலை வகுப்பில் புத்தகம் வைத்துக் கற்றவள். பேசினால் பிரசங்கம் கேட்கிற மாதிரி இருக்கும்.

“அம்மா எழுபத்தொன்னு ஏறிட்டாங்க,” என்றான் லோய்ஸ். “நேத்துக் காலையில. குஸ்டிகிட்ட சொல்லிடுங்க.” சொல்லிவிட்டு நெற்றியைக் கூண்டின் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டான்.

அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது. “எழுபத்தொன்றா? அம்மாவா? மிக்க மகிழ்ச்சி! மிக்க மகிழ்ச்சி!”

அவன் ரிசீவரை வைத்துவிட்டான். முகத்தை நான் பார்க்கவில்லை. முதுகைத்தான் பார்த்தேன். அதுவே போதுமாக இருந்தது.

அண்ணன் வருவான் என்று அம்மாவைப் பத்து நாள் பிணவறையில் வைத்திருந்தான். இரண்டு தடவை விமான நிலையத்துக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வந்தான். யாரும் வரவில்லை. பதினோராம் நாள் அடக்கம் பண்ணினோம். ஜனவரியில் குஸ்டியிடமிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது. ‘அம்மா போனதைப் பக்கத்து வீட்டுக்காரி அனுப்பின கறுப்பு அட்டையைப் பார்த்துத்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?’ என்று கேட்டிருந்தான்.

“நடிக்கிறான் பாரு,” என்று லோய்ஸ் அதைக் கிழித்துப் போட்டான். அதோடு எட்டு வருடம் பேச்சு இல்லை. ‘எங்கம்மா போனதுக்கு மிக்க மகிழ்ச்சின்னு சொன்ன வீடு அது’ என்று டெப்போவில் பேசிப் பேசி எங்களுக்கெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. வேறு ஏதாவது இருக்குமோ என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு எழுபத்தொன்று என்றால் ஒரே அர்த்தம்தான்.

தொண்ணூற்றொன்பதில் நோரீன் எழுதினாள். குஸ்டிக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை ஆகிவிட்டது, ஊரைப் பார்க்க ஆசைப்படுகிறார், செப்டம்பரில் வருகிறோம். லோய்ஸ் அதை டெப்போ கேன்டீனில் என்னிடம் படித்துக் காட்டினான்.

“வரட்டும். மூணு நாள் ஊரைச் சுத்திக் காட்டுறேன். நாலாவது நாள் அம்மாகிட்ட கூட்டிட்டுப் போறேன். அங்க நிக்க வச்சு அந்தப் பொம்பளைகிட்ட கேப்பேன், எதுடீ மகிழ்ச்சின்னு.”

“கேளு. நான் எதுக்கு?”

“நீ வரலைன்னா முதல் நாளே ரெண்டு பேருல ஒருத்தரைத் தண்டவாளத்துல தள்ளிடுவேன், ருடி.”

நான் லீவு போட்டேன்.

முதல் நாள் ஸ்டெஃபான் பேராலயம். குஸ்டி வயிறும் சத்தமும் பெருத்த ஆள். கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, “கல்லையெல்லாம் கழுவிட்டானுங்க போல. அழுக்கா இருந்தப்பதான் கோயில் மாதிரி இருந்துச்சு,” என்றான்.

“நீ இல்லாதப்ப இங்க பல வேலை நடந்துச்சு,” என்றான் லோய்ஸ்.

முதல் இரண்டு நாளும் இந்தப் போக்குதான். குஸ்டி ஒன்று சொல்வான், லோய்ஸ் அதில் முள்ளை வைத்துத் திருப்பிக் கொடுப்பான். நோரீன் நான் நினைத்த மாதிரி இல்லை. சின்ன உருவம், வெள்ளைத் தொப்பி, கைப்பையில் மாத்திரை டப்பாவும் காகிதத்தில் மடித்த வெண்ணெய் ரொட்டியும். மத்தியானம் ஆனால் எல்லாருக்கும் ஒன்று. “தாங்களும் உண்ண வேண்டும்,” என்று லோய்ஸ் கையில் வைத்தாள். அவள் திரும்பியதும் அவன் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டான்.

இரண்டாம் நாள் ஷோன்ப்ருன் அரண்மனை. ராஜா ராணி படுத்த அறைகளில் குஸ்டி சுவரை முட்டியால் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான். காவலாள் முறைத்தான்.

“இருநூறு வருஷத்துப் பூச்சுய்யா, ஒரு இடத்துல கூட வெத்துச் சத்தம் வரலை,” என்று குஸ்டி அவனிடமே சான்றிதழ் கொடுத்தான்.

“எங்கண்ணன்,” என்றான் லோய்ஸ் காவலாளிடம். “சுவருன்னா அக்கறையா வந்து பாப்பான்.”

குஸ்டி காது கேட்காதவன் போல அடுத்த அறைக்குப் போனான். ஆனால் காது சிவந்துவிட்டது.

மூன்றாம் நாள் பிராட்டர் பூங்காவின் ராட்சத ராட்டினம். “நெஞ்சுல கத்தி வச்சவன் நான். மேல ஏத்திக் கொல்லப் பாக்குறியா?” என்று குஸ்டி கீழே பீர்க் கடையில் உட்கார்ந்துவிட்டான். நாங்கள் மூன்று பேர் பெட்டிக்குள் ஏறினோம். மறுபக்க ஜன்னலில் ஒரு டச்சுக் குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. பெட்டி உச்சிக்குப் போய் ஆடிக்கொண்டு நின்றது.

“அதோ, டிராம் வண்டிகள்!” என்றாள் நோரீன். “எழுபத்தொன்றாம் எண் எது?”

“அது இங்கிருந்து தெரியாதும்மா,” என்றேன் நான்.

“அம்மா அதில் ஏறினார்கள் அல்லவா? தாங்கள் தொலைபேசியில் கூறினீர்கள். இடுப்பு முறிந்தவர் மீண்டும் டிராம் ஏறிவிட்டார் என்று கேட்டதும் நான் மகிழ்ச்சியில் அழுதுவிட்டேன். குஸ்தாவ் வந்ததும், உங்கள் அம்மா டிராமில் போக ஆரம்பித்துவிட்டார் என்றேன். எண்ணைச் சொல்லத் தோன்றவில்லை. எனக்கு மட்டும் அது நினைவில் நின்றது, எங்கள் வீட்டின் எண்ணும் அதுவே. அன்று மாலை அவர் பாடினார். கிறிஸ்துமஸுக்கு அம்மாவிடமே பேசலாம் என்றார். அதற்குள் அந்த அட்டை வந்தது.” அவள் கைக்குட்டையை எடுத்தாள். “அவரைத் தேற்ற என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது. இறப்பதற்கு முன் ஒரு நாளாவது அம்மா வெளியே போனார். இன்றும் அதைச் சொன்னால் அவர் அமைதியாவார்.”

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ராட்டினத்தால் அல்ல. லோய்ஸைப் பார்க்கப் பயந்து டச்சுக்காரர்களைப் பார்த்தேன்.

“ஆமா,” என்றான் லோய்ஸ். “போனாங்க. பச்சைக் கோட்டு போட்டுக்கிட்டு. ஜன்னல் ஓரமா உக்காந்துகிட்டு.”

“நானும் அப்படியே நினைத்திருந்தேன்,” என்றாள் அவள்.

சாயங்காலம் அவர்களை ஹோட்டலில் விட்டுவிட்டு நிறுத்தத்தில் நின்றோம். எனக்குப் பொறுக்கவில்லை.

“போய்ச் சொல்லிடு, லோய்ஸ். ரெண்டு வார்த்தை. நீ போன் பண்ணே, அவ தப்பாப் புரிஞ்சுகிட்டா. எல்லாம் தீர்ந்துச்சு.”

“யாருக்கு? எனக்குத் தீரும். அம்மாவைப் புதைக்க வரவிடாமப் பண்ணினது தன் பொண்டாட்டின்னு தெரிஞ்சா அவனுக்கு எப்படி இருக்கும்? அதை விடு. அந்தப் பொம்பளை இதை எங்க கொண்டு போய் இறக்கி வைக்கும்?”

“அப்ப பழி உன் மேலேயே நிக்கட்டுமா?”

“செத்துட்டாங்கன்னு ஒரு வார்த்தை. அது எனக்கு வாயில வரலை. பழி என்னோடதுதான்.” தண்டவாளத்தைப் பார்த்தபடி, “நாளைக்கு உன் கார்ல போறோம்,” என்றான். “டிராம்ல போனா அவ நம்பரைப் பாத்து ஏதாவது சொல்லுவா. குஸ்டி இந்த ஊர்ல பொறந்தவன். காதுல விழுந்த நிமிஷமே அவனுக்குப் புரிஞ்சுடும்.”

நாலாவது நாள் ஹோட்டல் வாசலில் என் காரைப் பார்த்ததும் குஸ்டி இடுப்பில் கை வைத்தான். “டிராம்காரனுங்க ரெண்டு பேரு, கல்லறைக்குக் கார்ல கூட்டிட்டுப் போறீங்களா? அதுக்குன்னே ஒரு வண்டி—”

“தண்டவாளத்துல வேலை நடக்குது. ஏறு,” என்றான் லோய்ஸ்.

ஸிம்மரிங் பெரிய சாலையில் எங்களுக்கு முன்னால் வந்து மாட்டியது அதே சிவப்பு வண்டி. முதுகில் நம்பர் கொட்டை கொட்டையாக. பின்னால் உட்கார்ந்திருந்த நோரீன் எங்கள் நடுவில் தலையை நீட்டினாள். “குஸ்தாவ், அதோ பாருங்கள், எழு—”

நான் பிரேக்கை அழுத்தினேன். எல்லாரும் முன்னால் போய் வந்தோம். அவள் தொப்பி என் மடியில் விழுந்தது.

“லைசென்ஸ் எவன்டா குடுத்தான் உனக்கு?” என்று குஸ்டி கத்தினான். “என் நெஞ்சுத் தையல் பிரிஞ்சுடும்டா!”

“நாய் குறுக்க வந்துச்சு,” என்றான் லோய்ஸ். நாய் எதுவும் இல்லை. தொப்பியைக் கொடுத்துவிட்டுச் சந்துக்குள் திருப்பினேன். அவள் தலைமுடியைச் சரிசெய்வதில் சொல்ல வந்ததை மறந்துவிட்டாள்.

கல்லறையில் நோரீன் பூவை வைத்தாள். கல்லில் பெயரும் தேதியும். தேதியைப் பார்த்து, அது போன் வந்ததற்கு முந்தின நாள் என்று அவள் எண்ணிவிடுவாளோ என்று பயந்தேன். எண்ணவில்லை. கண் நிறைந்தவர்கள் எண்ண மாட்டார்கள்.

குஸ்டி திரும்பாமலே கேட்டான். “ஏன்டா எனக்குப் போன் பண்ணலை?”

இந்த இடத்தில்தான் லோய்ஸ் கேட்பதாக இருந்தது. எட்டு வருடமாகத் தீட்டி வைத்த கேள்வி. அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

“பண்ணலை.”

“அதான் ஏன்னு கேக்குறேன்.”

“சொல்ல வாய் வரலை.”

“ஆறு வாரம் கழிச்சுடா. தபால்காரன் அட்டையைக் குடுக்குறான், நான் வேலைக்குக் கிளம்பி வாசல்ல நிக்குறேன். நீந்தியாவது வந்திருப்பேன்டா நான்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா சும்மா இருந்தே?”

“தப்பு என்னோடது, குஸ்டி.”

“போதும், குஸ்தாவ்,” என்றாள் நோரீன். “அம்மா டிராமில் போனபோது அவர் அழைத்துச் சொன்னார் அல்லவா—”

லோய்ஸின் கையில் தொப்பி நசுங்கியது.

“அது தெரியும். நீ சும்மா இரு,” என்றான் குஸ்டி. பிறகு ஆரம்பித்தான். கால் மணி நேரம். எங்கள் ஊர்த் திட்டுகளில் நானே மறந்துபோனவை எல்லாம் வந்தன. நாற்பது வருடமாக அங்கே அவற்றைச் சொல்ல ஆள் கிடைக்காமல் வைத்திருந்தான் போலும். லோய்ஸ் தலை குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். பத்து நாள் காத்திருந்தான்டா, இரண்டு தடவை விமான நிலையத்தில் நின்றான்டா என்று கத்த வேண்டும் போல இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

திட்டி ஓய்ந்ததும் குஸ்டி முகத்தைத் துடைத்தான். “அடக்கம் முடிஞ்சு எங்க சாப்பிட்டீங்க?”

இங்கே புதைத்துவிட்டு வந்ததும் எல்லாரும் உட்கார்ந்து வேகவைத்த மாட்டிறைச்சி சாப்பிடுவோம். அதைச் சாப்பிடாவிட்டால், இறந்தவரை முறையாக அனுப்பிவைத்ததாகக் கணக்கில்லை.

“சாப்பிடலை,” என்றான் லோய்ஸ். அது ஒன்றுதான் அன்றைக்கு அவன் முழுசாகச் சொன்ன உண்மை. “யாருக்கும் இறங்கலை.”

“சாப்பிடாமலா அம்மாவை அனுப்பி வச்சே?” குஸ்டி அவனை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு வாசலைத் தாண்டி, சாலையைக் கடந்து எதிர்ச் சாப்பாட்டுக் கடைக்குள் முன்னால் நடந்தான். உட்காருவதற்கு முன்பே, “நாலு பேருக்கு இறைச்சி. அடக்கச் சாப்பாடு,” என்று பரிமாறுகிறவனிடம் சொன்னான்.

“வருந்துறேங்க. எப்ப நடந்துச்சு?” என்றான் அவன்.

“இப்பதான்,” என்றான் குஸ்டி.

தட்டுகள் வந்தன. நோரீன் கண்ணை மூடி ஜெபித்தாள். லோய்ஸ் முள்கரண்டியைத் தொடவில்லை, மேஜை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். குஸ்டி தன் தட்டில் இருந்ததை வெட்டி, இரண்டு வாய் தின்றுவிட்டு நிமிர்ந்தான்.

“நீ பண்ணினது பெரிய தப்பு, லோய்ஸ். சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.”

“சரி.”

குஸ்டி, இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளும் காரக்கிழங்குத் துருவல் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினான்.

“சாப்பிடு. ஆறுது.”

லோய்ஸ் சாப்பிட்டான்.