சரிந்த கல்லில் ஒட்டியிருந்த சிமெண்ட்

1997 ஐப்பசியில் நான் அவிநாசிக்குப் போனது சாமி கும்பிட அல்ல, சண்டை போட. பீளமேட்டில் எங்கள் வீட்டுத் தோட்டத்து மண்மேட்டைத் தாங்க, ஆரோக்கியம் என்ற கொத்தனார் சிமெண்டே இல்லாமல் கல்மேல் கல் அடுக்கி இருபதடி நீளத்துக்குச் சுவர் கட்டியிருந்தார். நாலு நாள் மழையில் அது சரிந்து, என் மனைவி வளர்த்த ரோஜாச் செடிகளை மூடிவிட்டது. அவரையே கூப்பிட்டு மறுபடி கட்ட வைக்கவேண்டும் என்று கிளம்பினேன்.

காலை 7.20க்கு பஸ், ஏழு ரூபாய் டிக்கெட், ஒரு மணி நேரம். வழி முழுக்கத் தூறல். அவிநாசியில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் சேற்றில் நடந்தேன். வீட்டில் அவர் மனைவி மட்டும்தான் இருந்தார்.

"ஏனுங்க, அவரு இப்பக் கல்லுக்கட்டுக்குப் போறதில்லீங்க. சோமனூர்ல தறிக்குடோன் கட்டறாங்க, அங்க செங்கல் தூக்கப் போயிருக்கறாருங்க."

சுவர் கட்டுகிறவர் செங்கல் தூக்குகிறாரா? சோமனூருக்கு இன்னொரு பஸ், நாலு ரூபாய். பதினொன்றரைக்குக் குடோனைக் கண்டுபிடித்தேன். ஆரோக்கியம் தலைச்சும்மாட்டை இறக்கிவிட்டு வந்தார். சுவர் விழுந்த கதையை நான் கோபமாகச் சொல்ல, அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"சரிஞ்ச கல்லுல சிமெண்ட் ஒட்டியிருக்குதுங்களா?"

ஒட்டியிருந்தது. தேள் நுழையும் என்று பயந்து, அவர் போனபிறகு வேறு ஆளை வைத்துக் கல் இடுக்குகளையெல்லாம் நான்தான் சிமெண்டால் பூச வைத்தேன்.

"அந்தச் சந்துலதானுங்க தண்ணி வெளிய போகோணும். அடைச்சுப்போட்டா மண்ணு ஊறித் தள்ளாம என்ன பண்ணும்?" என்றவர், குரலை உயர்த்தாமலே தொடர்ந்தார். "என்ற கட்டு நிக்காதுன்னு நீங்க சொன்னதக் கேட்டு, உங்க வீதியில ரெண்டு ஊட்டுல என்னைய வேண்டாம்னுட்டாங்க. பூசுனது நீங்கன்னு அவங்ககிட்டச் சொல்லிப்போடுங்க. அன்னிக்கே வாரேனுங்க."

சுவர் விழுந்ததும் வீதியில் அப்படிச் சொன்னவன் நான்தான்; எனக்கு அவமானமாக இருந்தது. தலையாட்டிவிட்டு, மதியச் சாப்பாடு கூட இல்லாமல் பஸ் ஏறினேன்.

நீங்கள் இப்படிச் சுவர் கட்டுவதாக இருந்தால் மழைக்காலத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். சுவருக்குப் பின்னால் தண்ணீர் வடியச் சல்லிக்கல் போடச் சொல்லுங்கள். இடுக்கைத் தொடாதீர்கள், பல்லியும் ஓணானும் இருந்துவிட்டுப் போகட்டும். கொத்தனாரை வீட்டில் தேடிப் போவதென்றால் ஞாயிறு மதியம் போங்கள்.

அன்று சாயங்காலமே முதல் வீட்டில் உண்மையைச் சொன்னேன். இரண்டாவது, என் மச்சான் வீடு. அவர் கேட்டைத் திறந்து "வாங்க மாப்ள, அந்தக் கொத்தன் என்ன சொன்னான்?" என்றார். "ஆளைப் பாக்க முடியலீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.