தேவசகாயம் சாரும் முப்பத்தொன்பது பை ஐம்பத்திரண்டும்

ஞாயிற்றுக்கிழமை காலை, அரியூர் நாட்டு மலைப்பாதையில் சிக்னல் கிடைக்கும் வளைவில் வண்டியை நிறுத்தியதும் போன் விடாமல் அதிர்ந்தது. பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் வரிசையாகக் கும்பிடும் கைகள், ‘ஆழ்ந்த இரங்கல்’. யாருக்கென்று தெரியவில்லை. மேலே தள்ளிக்கொண்டே போனேன். தேவசகாயம் சார். விடுமுறைக்கு ராசிபுரத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு இறங்கிப் போனவர், தூக்கத்திலேயே போய்விட்டார்.

அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னீர்கள். நான் இன்ஜினீயரிங் படித்துவிட்டுத் தற்காலிக வாத்தியாராக மலைக்கு வந்தவன். அழகாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன். அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இதில் பாதி தெரியும். மீதிதான் எனக்குக் கஷ்டம்.

ஐந்தாம் வகுப்பு அவருக்கு. வராந்தாவுக்கு எதிர்ப்பக்கம், ஆறாம் வகுப்புக் கணக்கு எனக்கு. பின்னங்களைச் சுருக்க அவர் சொல்லித் தரும் வழி உங்களுக்கு நினைவிருக்கும். “பெரிய நம்பரைப் பாத்து மலைக்காத கண்ணு. ரெண்டால அடி, மூணால அடி, அப்புறம் அஞ்சு, ஏழு. அதுக்கும் மசியலைன்னா விட்டுரு, அது அவ்வளவுதான்.” பாடப்புத்தகக் கணக்குகள் எல்லாம் ஏழுக்குள் முடிந்துவிடும். பயந்த பிள்ளைகளுக்காக அவர் குறுக்கிய விதி, வருஷங்கள் போகப்போக அவருக்கே முழு விதியாகிவிட்டது.

நான் கம்ப்யூட்டரில் எண்களைக் கலைத்துப் போட்டுக் கணக்குத்தாள் அச்சடித்தேன். அதில் 39/52 வந்தது. போன வருஷம் அவரிடம் படித்து வந்த வகுப்பு மொத்தமும் ‘சுருங்காது’ என்று எழுதியிருந்தது.

“யாருடா உங்களுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்த அறிவாளி?” என்று கத்தினேன்.

பிள்ளைகள் என்னைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தார்கள். சாக்பீஸ் கேட்டு வந்தவர் அங்கே நின்றிருந்தார்.

“நாந்தானுங்க தம்பி.”

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். “பதின்மூணால அடிச்சா மூணு பை நாலு. இதுகூடவா சார் தெரியாது?” என்றேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். சாக்பீஸ் வாங்காமலே திரும்பிப் போனார்.

மறுநாள் எதிர் அறையிலிருந்து அவர் குரல் கேட்டது. “நான் சொல்லிக் குடுத்தது பாதிதான் கண்ணுகளா. ஏழோட நிக்கக் கூடாது.”

“அப்ப நாங்க போட்டதெல்லாம் தப்புங்களா சார்?”

“உங்களுது இல்ல சாமி. என்னுது.”

அதற்குப் பிறகு, இடைவேளையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வராந்தாவைக் கடந்து என்னிடம் வர ஆரம்பித்தார்கள். “எங்க சார் போட்ட கணக்குங்க சார். சரியான்னு பாருங்க.” உங்க சாரிடமே போய்க் கேள் என்று திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. அவர் கையெழுத்துக்குக் கீழே சிவப்புப் பேனாவால் டிக் போட்டேன். எனக்குப் பிடித்திருந்தது, அதுதான் உண்மை. அவர் தன் நாற்காலியிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். “பாக்கட்டுங்க தம்பி, ரெண்டு பேர் பாத்தா நல்லதுதானுங்களே” என்று மட்டும் ஒருமுறை சொன்னார். ஆனால் கரும்பலகையில் விடை எழுதும் முன் அவர் கை ஒரு நொடி நிற்கத் தொடங்கியது. முன்பு அந்தத் தயக்கம் அவரிடம் கிடையாது.

ஒரு சனிக்கிழமை என்னையும் வளப்பூர் நாட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். முந்தைய வருஷம் அவரிடம் படித்துவிட்டு வேறு பள்ளிக்குப் போன பொன்னி, 34/51-ஐ 2/3 என்று சுருக்கியதை அவர் தப்பென்று அடித்திருந்தாராம். “இதுக்கெல்லாமா சார் பஸ் ஏறுவாங்க?” என்றேன். எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார்.

பொன்னி மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் அம்மா பதறிப்போனார். “ஏனுங்க சார், ஊடு தேடி வந்திருக்கீங்க. இவ என்ன பண்ணுனா?”

“அவ ஒண்ணும் பண்ணலீங்க. நான்தான் சரியான கணக்கைத் தப்புன்னு அடிச்சுட்டேன்.”

பொன்னி சிரித்துவிட்டாள். “நான் அப்பவே சொன்னேனுங்களே சார். பதினேழாம் வாய்ப்பாடு ஆரு உனக்குச் சொன்னான்னு கேட்டு உக்கார வெச்சீங்க.”

“ஆமா கண்ணு. இப்ப நான் நிக்கறேன், நீ சொல்லு.”

அவள் சொன்னாள். அவர் நின்றுகொண்டே கேட்டார். கிழங்கு வேகும்வரை அவள் அம்மா எங்களை விடவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் நான் மன்னிப்புக் கேட்பேன் என்று நினைத்தீர்களானால், இல்லை. போனைப் பார்த்துக்கொண்டு வந்தேன். திங்கட்கிழமை மறுபடி டிக் போட்டேன்.

இப்போது இரண்டு வகுப்பும் என் அறையில். அடக்கம் முடிந்து பள்ளி திறந்த அன்று, கரும்பலகையில் ஒரு பின்னத்தைச் சுருக்கி எழுதினேன். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதை நோட்டில் எழுதிக்கொண்டு எழுந்தாள், வாசல் வரை போனாள், நின்றாள். எதிர் அறை பூட்டியிருந்தது.

“நீங்க போட்டத ஆருகிட்டங்க சார் காட்டறது?”

கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டாள். கணக்கு சரிதான், எனக்குத் தெரியும். ஆனாலும் அவளோடு சேர்ந்து நானும் அந்தப் பூட்டைத்தான் பார்த்தேன். நான் தப்புச் செய்தால் எதிர் அறையிலிருந்து வந்து தனியாகக் கூப்பிட்டு, மெதுவாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அவர் கையில் நான் வைத்த அந்த ஒரு நொடித் தயக்கத்தை அவரிடமிருந்து என்னால் எடுக்க முடியவில்லை. இனி அது என்னிடம் இருக்கட்டும்.