குடை பிடித்தவள்

போன ஞாயிறு அக்காவுடன் கிளிநொச்சிக் குளத்தடிப் பூங்காவுக்குப் போயிருந்தேன். எங்கள் ஆட்கள் காடு வெட்டிக் குடியேறிய காலத்துப் பூங்கா அது. வாசலில் கச்சான் கடலை வறுக்கும் மணம் வந்ததுமே, அக்காவைப் பெண் பார்க்க வந்த அந்தப் பழைய பின்னேரம் நினைவுக்கு வந்துவிட்டது. அன்று பதற்றத்தில் இரண்டு சுருள் கச்சானை நான் ஒருவனே தின்று முடித்திருந்தேன். உத்தியோகம் கிடைத்த புதிது. பெரிய மனிதன் என்ற நினைப்பு வேறு.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் பெண்ணை வீட்டில் வைத்துக் காட்டமாட்டார்கள். கோயிலிலோ இந்தப் பூங்காவிலோ தற்செயலாகக் கண்டதுபோல இரு பகுதியும் வந்து போவோம். பிடிக்காவிட்டால் யாருக்கும் வெட்கமில்லை பாருங்கள், பூங்கா பார்க்கத்தானே வந்தோம். குடை பிடித்திருப்பவள்தான் பெண் என்று தரகர் மாப்பிள்ளை பகுதிக்குச் சொல்லி வைத்திருந்தார்.

வட்டக்கச்சியில் இருந்து அக்காவுக்குத் துணையாக அவளுடைய சிநேகிதி வசந்தியும் வந்திருந்தாள். குளக்கட்டுப் பக்கமாக நடக்கும்போது அக்காவின் செருப்பு வார் கழன்றுவிட்டது. குனிந்து மாட்டுவதற்காகக் குடையை வசந்தியிடம் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்துத்தானா மாப்பிள்ளை பகுதி எதிரே வரவேண்டும்.

அடுத்த நாளே சம்மதம் என்று செய்தி வந்தது. வீட்டில் பாயசமும் காய்ச்சியாயிற்று. பேசி முடிக்க வந்த மாப்பிள்ளை அக்காவைக் கண்டதும் திகைத்துப்போய், பூங்காவில் கண்டது இவரையல்ல என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். அம்மா அழுதார். அடுப்படிக் குசினிக்குள் போயிருந்த அக்காதான் திரும்பி வந்து சொன்னாள்:

“அவர் பாத்தது வசந்தியைத்தானே. அவளுக்கே பேசுங்கோ.”

அந்தக் கலியாணம் நடந்தது. நல்ல சோடிதான், எனக்கே மனம் ஆறிவிட்டது. அக்காவுக்குப் பிறகு வந்த பேச்சு ஒன்றும் சரிவரவில்லை. போரின் கடைசிச் சண்டையில் முல்லைத்தீவுக் கரையில், பங்கர் குழிக்குள் இருந்த வசந்தியும் கணவரும் குண்டு விழுந்து ஒன்றாகப் போய்விட்டார்கள். நாங்கள் உயிரோடு வந்து சேர்ந்தோம்.

இத்தனை வருடமும் அக்காவின் மனதில் இருந்தது கலியாணக் கவலை என்றே நினைத்திருந்தேன். ஞாயிறு அன்று மரவாங்கில் உட்கார்ந்து குளத்தைப் பார்த்தபடி கேட்டாள்:

“தம்பி, நான் சாக வேண்டிய இடத்திலை அவள் செத்துப்போனாள், என்ன?”

 

பூங்காவில் இப்போது புது விளக்குகள், பிள்ளைகளுக்குச் சறுக்குமரம் எல்லாம் இருக்கின்றன. பெண் பார்க்க மட்டும் யாரும் வருவதில்லை. படம் போனிலேயே வந்துவிடுகிறது, ஆள் மாற வழியில்லை. வசந்தியின் படம் ஒன்றுகூட எங்களிடம் மிஞ்சவில்லை.